வேகாத பருப்பு

ஆற்றங்கரை மடத்து அடுக்களையில் யாரும் எதையும் கேட்கலாம். பதில் மட்டும் வாயிலிருந்து வராது. அடுப்பிலிருந்துதான் வரும்.

வெங்காயம் நறுக்கினால் கண் ஏன் எரிகிறது என்று ஒருவர் கேட்டார். அடுக்களைக்குப் பொறுப்பான உமையம்மை அவரிடம் ஒரு மொட்டைக் கத்தியைக் கொடுத்து ஒரு கூடை நறுக்கச் சொன்னார். அழுது முடித்ததும் தீட்டிய கத்தியைக் கொடுத்து இன்னொரு கூடை நறுக்கச் சொன்னார். இரண்டாவது கூடைக்குப் பாதிக் கண்ணீர்கூட வரவில்லை.

"நசுக்கினா வெங்காயம் சும்மா விடாது. சுத்தமா வெட்டினா அதுக்கே தெரியாது," என்றார் உமையம்மை. கேட்டவர் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகச் சாணைக்காரனைத் தேடினார் என்று சொல்வார்கள்.

அந்த அடுக்களைக்கு ஒருநாள் ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். கல்யாணச் சமையலுக்குப் பேர்போன கை. தோளில் ஒரு பை, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

உமையம்மை அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. ஆவுடையப்பனுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். இவளிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் காந்தியது. கையைக் கட்டாமலே நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன தெரிஞ்சுக்கிடணும்?"

"பருப்பு வேகக்கூடாது. அதுக்கு ஒருத்தன் என்ன செய்யணும்?"

பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்த கொம்பையா கையை நிறுத்தினான். அவனும் அங்கே படிக்க வந்தவன்தான். நடுவயசு. வாய்க்கு மட்டும் மூடி கிடையாது.

"பருப்பு வேகறதுக்கு வழி கேட்டு வருவாங்க. வேகாம இருக்க வழி கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். எந்தச் சம்பந்தி வீட்டுக்கு அண்ணாச்சி விருந்து?"

"ஒஞ் சோலியப் பாருல."

உமையம்மை சாம்பல் கூடையை ஓரமாக வைத்தார். "உங்களுக்கு வேகவைக்கத் தெரியுமா?"

"யாரப் பாத்து என்ன கேக்கிய? இந்த ஆத்தங்கரையில மேலேருந்து கீழ வரைக்கும் எந்த ஊர்லயும் கேட்டுப் பாருங்க. ஆவுடையப்பன் சாம்பாருன்னா பந்தியில எவனும் ரசத்துக்கு எந்திரிக்க மாட்டான்."

"அப்ப இருங்க."

ஏன் கேட்கிறீர்கள் என்று உமையம்மை கேட்கவில்லை. அது ஆவுடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் எவருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றும். தோன்றவில்லை என்றால், முன்னாலேயே யாரோ வந்து காதில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சாயங்காலம் கொம்பையாவைத் தனியாகப் பிடித்தார்.

"இந்தம்மாவுக்கு எந்த ஊரு?"

"கடையம்."

ஆவுடையப்பன் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் தம்பி குற்றாலலிங்கத்துக்குப் பெண்ணெடுத்ததும் கடையத்தில்தான்.

மறுநாள் காலை உமையம்மை ஒரு பானையும் துவரம்பருப்பும் கொடுத்தார். ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் குடத்தில் இருந்தது. ஆவுடையப்பன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பருப்பை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"பாம்பு ஒண்ணும் இல்லையே?" என்றான் கொம்பையா.

அரிசி வேகும் நேரத்துக்குள் பருப்பு பூத்து மலர்ந்துவிட்டது.

"இதையா நான் கேட்டேன்?" என்றார் ஆவுடையப்பன்.

"பருப்பு நல்ல பருப்பான்னு மொதல்ல தெரியணும்லா. பழசாப் போன பருப்பா இருந்தா, எவன் மேலயும் குத்தம் இல்லாமலே வேகாது."

"எவன் மேலயும் குத்தம்னு நான் சொல்லவே இல்லையே?"

"ஒருத்தன் என்ன செய்யணும்னு கேட்டியளே அண்ணாச்சி."

 இவளிடம் பார்த்துப் பேச வேண்டும் என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

அதற்கு மறுநாள் அதே பருப்பு, அதே தண்ணீர். உலை காயும் முன்னே உமையம்மை ஒரு உருண்டைப் புளியைக் கரைத்து அதில் ஊற்றிவிட்டார்.

தண்ணீர் கொதித்தது. பருப்பும் குதித்தது. ஆனால் முந்தின நாள் மலர்ந்த நேரம் தாண்டியும் மணி மணியாகவே நின்றது. விறகு ஒரு கட்டு போயிற்று. ஆவுடையப்பன் ஒரு பருப்பைக் கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினார். நசுங்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. வந்த நாளிலிருந்து அன்றுதான் பல் தெரிந்தது.

"இதான். இதேதான். இதத்தான் அந்தப் பய செஞ்சிருக்கான்."

"யாரு?"

இப்போதுதான் கேட்கிறாள். கேட்கட்டும். கேட்டால் கடையத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று ஆவுடையப்பன் சொல்லத் தொடங்கினார்.

வெகு காலத்துக்கு முன்னால், அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து சமையல் எடுத்துச் செய்த நாளில், கிழக்கே கரிசல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. அதுவரை ஆற்றங்கரையைத் தாண்டி அவர்கள் அடுப்பு வைத்ததில்லை. பெரிய இடம். அண்டாவில் பருப்பைப் போட்டது ஆவுடையப்பன். பக்கத்தில் உட்கார்ந்து புளி கரைத்தது தம்பி குற்றாலம்.

முகூர்த்தம் முடிந்தது. பந்தி விரித்தாயிற்று. பருப்பு வேகவில்லை. இலை போட்டு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தாயிற்று. பருப்பு வேகவில்லை. பெண்ணின் மாமன் அடுப்படிக்கே வந்து, "என்னவே, பருப்பு அவியுமா, இல்ல நாங்க சீர்வரிசைய அவிச்சுத் திங்கட்டுமா?" என்று கேட்டான். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"என் கையால போட்ட பருப்பு அதுவரைக்கும் வேகாம இருந்ததில்ல. திரும்பிப் பாத்தேன். இவன் புளிச்சட்டியோட அண்டாவுக்குப் பக்கத்துல நிக்கான். எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் பேர் வாங்குறது அவனுக்குப் பொறுக்கல."

"பெறகு?"

"என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். சட்டுவத்தால ஓங்கி ஒண்ணு வச்சேன். அண்டாவ ஒரே தள்ளு. தரை பூராவும் பருப்பு. அன்னைக்குப் பிரிஞ்சதுதான். அவன் இன்னைக்கு வரைக்கும் நான் புளி போடலன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல."

"கேட்டிருந்தியளா?"

"திருடன்கிட்டயா போய்க் கேக்கது?"

கொம்பையா ஏதோ சொல்ல வந்தான். உமையம்மை பார்த்த பார்வையில் பூசணிக்காய்க்குத் திரும்பினான்.

"இப்ப எதுக்கு இது, இம்புட்டு வருசம் கழிச்சு?" என்று கேட்டார் உமையம்மை.

"அவன் மகளுக்குக் கல்யாணம். அழைக்கதுக்கு வெத்தலபாக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கான். எங்க குடும்பத்துல வீட்டுக் கல்யாணம்னா மூத்தவன்தான் கற்பூரம் வச்சு மொத அடுப்ப மூட்டணும். பெரியப்பா வந்து மூட்டணுமாம். நான் ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டேன். இப்பச் சொல்லுதேன், போவேன். கற்பூரத்தக் கையில வச்சுக்கிட்டு, ரெண்டு சம்பந்தமும் கூடியிருக்கையில, இந்த அடுப்படித் திருடன் செஞ்சதச் சொல்லுவேன். புளி விட்டா பருப்பு வேகாதுன்னு அங்கனயே வச்சும் காட்டுவேன்."

"சொன்னா அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்குமா?"

"அத அவ அப்பன்லா யோசிச்சிருக்கணும்."

ஆவுடையப்பன் பையை எடுத்துத் தோளில் போட்டார். வந்த காரியம் முடிந்தது.

"நாளைக்கும் ஒரு பருப்பு இருக்கு அண்ணாச்சி," என்றார் உமையம்மை.

பை தோளிலேயே நின்றது. எதற்காக நிறுத்துகிறாள்? கேட்டது கிடைத்த பிறகும் ஒருவனை நிறுத்தி வைத்தால் அதில் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரியாமல் போனால் வழியெல்லாம் அதுவே அரிக்கும். ஆவுடையப்பன் பையைக் கீழே வைத்தார்.

மறுநாள் அவர் விடிவதற்குள் எழுந்துவிட்டார். பானையைத் தானே விளக்கினார். பருப்பைத் தானே அளந்தார். அடுப்புக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்கு ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. என் பருப்பு, என் கை. பூக்குதா இல்லையான்னு பாப்போம்."

"சரி," என்றார் உமையம்மை. "ஆத்துத் தண்ணி குடத்துல இருக்கு."

ஆவுடையப்பன் குடத்தைப் பார்த்தார். இராத்திரி முழுக்க அது திறந்தே கிடந்திருக்கிறது. அதில் எவர் எதைக் கரைத்தாரோ. ஆற்றுக்குப் போய்ப் புதிதாக எடுத்து வரலாம். ஆனால் போய் வருவதற்குள் பானைக்குள் எதுவும் நடக்கலாம். அடுக்களைக்குப் பின்னாலேயே ஒரு கிணறு இருந்தது. அங்கே நின்றால் அடுப்பு தெரியும்.

"தண்ணியும் நானே எடுத்துக்கிடுதேன்," என்றார். ஒரு கண் அடுப்பில், ஒரு கண் கயிற்றில் வைத்து இறைத்துக்கொண்டு வந்தார்.

உமையம்மை பார்த்தார். 

தண்ணீர் கொதித்தது. ஆவுடையப்பன் அடுப்பை விட்டு நகரவில்லை. கொம்பையா விறகு வைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டார். "விறகுல கூடவா அண்ணாச்சி புளி கரைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அவன் தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

வெயில் ஏறியது. பருப்பு வேகவில்லை.

விறகைத் தள்ளினார். கிண்டினார். மூடினார், திறந்தார். ஒரு பருப்பை எடுத்து நசுக்கினார். கல்லுமாதிரி இல்லை, ஆனால் குழைய மாட்டேன் என்கிறது. உள்ளே ஒரு பிடிவாதம் இருந்தது.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். காது மடல் சிவந்துவிட்டது.

"எவம்ல புளியப் போட்டது?"

"நீங்க இருக்கையில ஈகூட இந்தப் பக்கம் வரலையே அண்ணாச்சி," என்றான் கொம்பையா.

"அப்ப நீங்க?" என்று உமையம்மையின் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியும். நீங்க கடையத்துக்காரி. என் தம்பி பொண்டாட்டியும் கடையம். உங்களுக்குள்ள என்ன பேச்சு?"

உமையம்மை சிரித்துவிட்டார். "கடையம் என்ன ஒரு வீடா அண்ணாச்சி? உங்க தம்பி சம்சாரம் பேருகூட எனக்குத் தெரியாது. இங்கன வாங்க."

பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பழைய அண்டா ஒன்று கிடந்தது. உள்ளே அடியிலும் சுற்றிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உமையம்மை அதை நகத்தால் சுரண்டி அவர் உள்ளங்கையில் போட்டார்.

"சுண்ணாம்பு. இந்தக் கிணத்துத் தண்ணிக்குள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கொதிச்சுக் கொதிச்சுப் படிஞ்சாத்தான் தெரியும்."

"அதுக்கும் பருப்புக்கும் என்ன?"

"பருப்புக்குள்ள ஒரு பசை இருக்கு அண்ணாச்சி. அதுதான் அத மணியாப் பிடிச்சு வச்சிருக்கு. கொதியில அந்தப் பசை இளகிக் கரைஞ்சாத்தான் பருப்பு குழையும். புளிப்பு பட்டா பசை இளகாது. சுண்ணாம்பு பட்டா இன்னும் இறுகும். பருப்பு பழசானா தன்னாலயே இறுகிப் போயிருக்கும். வெளிய பாத்தா எல்லாம் ஒரே வேகாத பருப்புதான்."

ஆவுடையப்பன் உள்ளங்கையை உதறினார்.

"நான் கிணத்துல இறைக்கும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்திய? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"கிட்ட வரக்கூடாதுன்னு சொன்னியளே."

"அப்ப என்ன சொல்ல வாரிய? அன்னைக்கு அந்தக் கரிசக்காட்டுத் தண்ணிதான் கோளாறு, தம்பி உத்தமன். அதானே? எங்க அப்பா சொல்லுவாரு, தண்ணியக் குத்தம் சொல்லுதவன் கரண்டி பிடிக்கக்கூடாதுன்னு. நீங்க அவன் பக்கம் பேசுதிய."

"நான் யார் பக்கமும் இல்ல. நான் அன்னைக்கு அங்கன இல்லையே."

"புளியா, தண்ணியா? ஒண்ணச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்லுதேன்."

"நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்கு நான் போயாகணும். நாளான்னைக்குக் காலையில அடுப்பு மூட்டு."

"பஸ்ஸுக்கு முன்னாலயே சொல்லுதேன்."

மறுநாள் காலை ஆவுடையப்பன் குளித்து, வேட்டி மாற்றி, பையும் கையுமாக அடுக்களைக்கு வந்தார். இரண்டு பானைகள் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் மஞ்சளும் பெருங்காயமும் போட்ட பருப்பு. இரண்டும் வேகவில்லை.

"ஒண்ணுல புளி விட்டிருக்கு. இன்னொண்ணு கிணத்துத் தண்ணி," என்றார் உமையம்மை. "எது எதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டா அன்னைக்கு நடந்ததையும் சொல்லிப்பிடலாம்."

ஆவுடையப்பன் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். இது ஒரு பொறி என்று அவருக்குத் தோன்றியது. எங்கே வைத்திருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை. இரண்டு பானையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மஞ்சள். அள்ளி ஊற்றிப் பார்த்தார். ஒரே ஓட்டம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பருப்பை எடுத்து இரண்டு கை விரல்களிலும் வைத்து உருட்டினார். இரண்டும் ஒரே பிடிவாதம். முகர்ந்தார். பெருங்காயம்தான் மூக்கில் ஏறியது.

"கண்ணுக்கும் தெரியல. கைக்கும் தெரியல," என்றார் கடைசியில். "பெருங்காயத்தப் போட்டு மூக்கையும் கட்டிட்டிய."

"வாய் இருக்கே. ஒரு சொட்டு நாக்குல வச்சா தெரிஞ்சுபோகும். புளிப்புக்கு ஒளியத் தெரியாது."

ஆவுடையப்பன் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"அது மட்டும் நடக்காது."

"ஏன்?"

"எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது. சாமிக்குப் படைச்சு மொத இலை போடுததுக்கு முன்னால அடுப்புல இருக்கிறத ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டோம். வச்சா எச்சி. எங்க தாத்தா காலத்துலேருந்து இதுதான் சட்டம்."

"அப்ப உப்பு, காரம்?"

"கை சொல்லும்."

"அப்ப நாக்கு இருக்கது ஊர்வம்புக்கு மட்டுந்தானா அண்ணாச்சி?" என்றான் கொம்பையா.

"ஏல, ஒன்ன..."

"நல்ல வழக்கம்," என்றார் உமையம்மை.

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். கேலி ஏதும் இருக்கிறதா என்று அவர் முகத்தைத் துழாவினார். இல்லை. வந்த நாளிலிருந்து இந்த அம்மா தன் பேச்சை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. மனசு கொஞ்சம் இளகியது.

"அதனாலதான் அன்னைக்கும் பாக்கல," என்றார். குரல் தணிந்திருந்தது. "ஒரு சொட்டு வச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். புளின்னா புளி, இல்லன்னா இல்ல. இம்புட்டு வருசம் இத நெஞ்சுல போட்டு அரைச்சிருக்க வேண்டாம். எனக்கும் தெரிஞ்சுக்கிடணும்னுதான் ஆச. வழக்கம் விடல. என்ன செய்ய?"

 உமையம்மை துணியை மடித்துப் பிடித்து முதல் பானையைத் தூக்கினார். வாசலுக்குக் கொண்டுபோய் அப்படியே கவிழ்த்தார். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினார். அதையும் கவிழ்த்தார். கல் பாவிய முற்றத்தில் பருப்பு இரண்டு ஓடையாக ஆவி பறக்க ஓடிப் பரவியது.

"என்ன காரியம் செய்யுதிய?" என்று ஆவுடையப்பன் பதறி எழுந்தார்.

உமையம்மை வெறும் பானையைக் கீழே வைத்தார்.

"கொட்டியாச்சு, அன்னைக்கு நீங்க அண்டாவக் கொட்டின மாதிரி. இனி இது எந்தச் சாமிக்கும் இல்ல, எந்தப் பந்திக்கும் இல்ல. இப்ப நாக்குல வச்சுப் பாக்கலாம்லா, அண்ணாச்சி?"